வெயில் கொளுத்துகிறது, வண்டி ஓடவில்லை: ராமநாதபுரம் கரையில் சூரிய சாய்வு சைக்கிளுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

தொண்டியில் விடிகாலை கிளம்பி, தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம் தாண்டி, பாம்பன் பாலம் ஏறி, அரிச்சல்முனையில் முடிக்கிற ஓட்டம் எங்களுடையது. நாலைந்து பேர், ஆளுக்கொரு சாய்வு சைக்கிள், தலைக்கு மேலே சோலார் பேனல். வழியில் எங்கேயும் கரண்ட் போட்டு சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது ஒன்றுதான் எங்களுக்குள் சட்டம். இந்தப் பாதையில் யார் முந்துகிறார் என்பதில் பாதி கால் பலம். மீதி, வண்டி மக்கர் பண்ணும்போது ரோட்டோரத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறோம் என்பது. அந்த நிமிடங்களில் பெரும்பகுதி தவறான இடத்தை அவிழ்த்துப் பார்ப்பதிலேயே போகிறது. அதனால்தான் பாகம் பாகமாகப் பிரிக்காமல், ஓட்டுகிறவரின் கண்ணுக்கும் காதுக்கும் உடம்புக்கும் முதலில் என்ன தட்டுப்படும் என்பதை வைத்து இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாய்வு சைக்கிளில் நாற்காலியில் சாய்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கிறோம். காற்றுக்குக் காட்டும் முகம் சிறியது. 1933-ல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர் இப்படி ஒரு வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகையைத் தன் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. காற்றுத் தடை குறைவு என்பதால்தான் இருநூறு வாட் பேனலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட முடிகிறது. 2013-ல் பிரான்சிலிருந்து கஜகஸ்தானின் அஸ்தானா வரை சூரிய சைக்கிள்கள் பந்தயமாகவே போயின.

கீழே வரும் எண்கள் என் வண்டிக்கு உரியவை. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. 100 வாட் பேனல் இரண்டு, சீரியலில். பேனல் வோல்டேஜை உயர்த்தித் தருகிற எம்.பி.பி.டி. கன்ட்ரோலர். 13 செல் வரிசை கொண்ட 48 வோல்ட் லித்தியம் பேட்டரி; முழுதாக ஏறினால் 54.6 வோல்ட். பின் சக்கரத்தில் ஹப் மோட்டார். நம் நாட்டில் மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கும் உள்ளே இருந்தால்தான் இது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. அதற்குள்ளேயே கட்டுங்கள்.

வண்டி நன்றாக இருக்கிற நாளில் சில எண்களைக் குறித்து ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பேனலைத் தனியாகக் கழற்றி அளந்தால் எத்தனை வோல்ட் (எனக்கு 42 சுற்றி), நடுப்பகலில் பேட்டரிக்குள் எத்தனை ஆம்ப்ஸ் (எனக்கு 3), காலை 8 மணிக்கு எத்தனை (1-க்குக் கொஞ்சம் மேலே). இந்தச் சீட்டு இல்லாமல் மல்டிமீட்டரைக் கையில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. மீட்டர் 1.4 காட்டினால் அது நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஆம்ப்ஸ் ஏறவில்லை

இந்தக் கரையில் நூற்றுக்குப் பாதிப் புகார் இதுதான். காரணம் பல. ஆனால் பார்க்க வேண்டிய வரிசை ஒன்றே.

முதலில் கீழே இறங்கி, பத்தடி தள்ளி நின்று பேனலைப் பாருங்கள். நிழல் இருக்கிறதா? செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒரு செல்லில் நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் மூச்சு முட்டும். பனை நிழல், மின்கம்ப நிழல் எல்லாம் வந்து போய்விடும். கூடவே வருகிற நிழல்தான் ஆபத்து. ஒரு தை மாதம் போகும்போது ஒழுங்காக இருந்த வண்டி, திரும்பித் தேவிபட்டினத்திலிருந்து தொண்டிக்கு வரும்போது பாதி ஆம்ப்ஸ்தான் தந்தது. ஒயர்களை இணைக்கும் கப்ளர் அத்தனையும் கழற்றி மாட்டினேன். முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால் கொடிக்கம்பு. சாய்வு சைக்கிள் தாழ்வானது, லாரிக்காரர் கண்ணில் படவேண்டும் என்று பின்னால் உயரமாக ஒரு மூங்கில் குச்சியில் ஆரஞ்சுத் துணி கட்டியிருந்தேன். மார்கழி, தையில் நடுப்பகல் சூரியனும் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். வடக்கு நோக்கி ஓட்டும்போது அந்தக் குச்சியின் நிழல் முன்பக்கமாக விழுந்து, விரல் அகலத்துக்குப் பேனலின் நீளம் முழுக்கப் படுத்திருந்தது. இப்போது அந்தக் கம்பை ஒரு பக்க ஓரத்துக்கு மாற்றி, பேனலை விட்டு விலகிச் சாயும்படி கட்டியிருக்கிறேன். கொடியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

நிழல் இல்லை என்றால் விரலால் பேனலைத் தொட்டு ஒரு கோடு இழுங்கள். கோடு விழுந்தால் உப்பு. மண்டபத்தில் ஓர் இரவு வண்டியை வெளியே நிறுத்தினாலே போதும். காலையில் பேனல் பிசுபிசுவென்று இருக்கும், வெயில் ஏறியதும் அது வெள்ளையாகப் பூத்துவிடும். வாயில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். அதன்மேல் தனுஷ்கோடி மணலும் ஒட்டிக்கொண்டால், உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் ஈரத்துணியை விரித்து ஊறவிடுங்கள், அப்புறம் தண்ணீர் ஊற்றி வழித்துவிடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். இங்கே பல ஊரில் அதுவே உப்புதான், காய்ந்ததும் சுண்ணாம்பு படியும். கேன் தண்ணீர் அரை லிட்டர் ஒரு பேனலுக்குத் தாராளம். சூரியன் ஏறுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். சூடான பேனலில் தண்ணீர் வழிவதற்குள் காய்ந்து கறையாகிவிடும். நம் மாவட்டத்திலேயே கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் பேனல் துடைப்பதற்கென்றே தானியங்கி இயந்திரங்கள் ஓடுகின்றன. கடலிலிருந்து தள்ளி இருக்கிற அவர்களுக்கே அது வேண்டியிருக்கிறது.

சுத்தமாகத்தான் இருக்கிறது, நிழலும் இல்லை. இப்போது பேனலின் அடிப்பக்கத்தைத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடா? பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி செல் சூட்டுக்கு எழுதப்பட்டது. அதற்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் அரை விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் திறன் இறங்கும். செல் 65 டிகிரிக்குப் போனால் சுமார் 16 முதல் 18 விழுக்காடு காலி. வளையும் பேனலை அலுமினியத் தகட்டில் அப்படியே ஒட்டியவர்களுக்கு இது நிச்சயம் வரும். இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தூக்கி வையுங்கள். ஓடும்போது ஆம்ப்ஸ் சரியாக இருந்து, டீக்கடையில் நிறுத்தியதும் மெல்ல மெல்ல இறங்கினால் அது சூடுதான், வேறு எதையும் அவிழ்க்காதீர்கள்.

இவை எதுவும் இல்லையென்றால்தான் மீட்டரை எடுக்க வேண்டும். பேனலை எம்.பி.பி.டி.யிலிருந்து பிரித்து வோல்டேஜ் பாருங்கள். சுழி என்றால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது கப்ளருக்குள் முனை பின்னுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. சீட்டில் உள்ளதைவிடக் கால் பங்கோ பாதியோ குறைவு என்றால், பேனலின் பின்பெட்டியில், நிழல் விழுந்த செல்களைச் சுற்றிக் கரண்ட் போக வழி விடும் பைபாஸ் டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது இரண்டில் ஒரு பேனல் சுத்தமாகப் போயிருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியாக அளந்தால் தெரிந்துவிடும். வோல்டேஜ் முழுதாக இருந்து ஆம்ப்ஸ் மட்டும் இல்லை என்றால், மறுபடி மாட்டிவிட்டு ஒரு துண்டை எடுங்கள். எம்.பி.பி.டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே பேனலின் ஒவ்வொரு பாதியாக மூடுங்கள். நல்ல பாதியை மூடினால் ஆம்ப்ஸ் விழும். மூடியும் எண் அசையவில்லை என்றால் அந்தப் பாதி ஏற்கெனவே செத்த பாதி. குழியில் குதித்துக் குதித்துச் செல் கீறல் விட்டிருக்கும். சாய்த்துப் பார்த்தால் மயிரிழை போலத் தெரியும், சில சமயம் பழுப்பாகக் கருகிய புள்ளியும் இருக்கும். அதை ரோட்டில் சரிசெய்ய வழியில்லை. நல்ல பேனல் ஒன்றை மட்டும் வைத்து ஓட்ட வேண்டியதுதான், அதுவும் உங்கள் எம்.பி.பி.டி. அந்தக் குறைந்த வோல்டேஜில் எழுந்தால்.

கழற்றும்போதும் மாட்டும்போதும் ஒரு வரிசை உண்டு. கழற்றுவது என்றால் முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாட்டுவது என்றால் முதலில் பேட்டரி, பிறகு பேனல். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் எம்.பி.பி.டி.யில் இருந்தால் சில கருவிகள் தாறுமாறான வோல்டேஜ் கொடுத்துத் தாமும் கெட்டு, மாட்டியதையும் கெடுக்கும்.

பேனலைச் சூரியனைப் பார்த்துச் சாய்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ராமேஸ்வரம் வடக்கு அட்சரேகையில் ஒன்பதே கால் டிகிரி சுமார். சித்திரை முதல் நாளை ஒட்டி நண்பகல் சூரியன் இங்கே நட்ட நடு உச்சியில் நிற்கும். ஆவணியில் மறுபடி ஒருமுறை. அந்த மாதங்களில் நடுப்பகலுக்குப் பேனலைப் படுக்க வைப்பதே மேல். காலையிலும் மாலையிலும் நின்று சார்ஜ் ஏற்றும்போது மட்டும் சாய்த்துக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பட்டென்று நிற்கிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி வருகிறது

மோட்டாரைத் தொடாதீர்கள். பேட்டரிக்குள் செல்களுக்குக் காவலாக இருக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட்தான் கதவைச் சாத்தியிருக்கிறது. எப்போது சாத்துகிறது என்று கவனியுங்கள்.

எதிர்காற்றில், பாலத்து ஏற்றத்தில் நிற்கிறது என்றால் வோல்டேஜ் சரிகிறது. சும்மா இருக்கும்போது 47 காட்டுகிற பேட்டரி, இழுக்கும்போது 40-க்குக் கீழே போனால் ஒன்று பேட்டரி காலி, இல்லை ஒரு செல் நோஞ்சான், இல்லை வழியில் ஒரு கப்ளர் கெட்டிருக்கிறது. மூன்றாவதுதான் இங்கே அதிகம். நண்பரைப் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிரேக்கை லேசாக அழுத்தச் சொல்லி, மோட்டார் இழுக்கும்போது பேட்டரி முனையிலும் மோட்டார் கன்ட்ரோலர் முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் இருக்கும் இணைப்பு தின்கிறது. புறங்கையால் தொட்டால் சுடும். திறந்தால் செம்பு பச்சையாகப் பூத்திருக்கும். அதற்கு வெட்டிப் புதிதாகச் சால்டர் வைப்பதுதான் வழி. சுரண்டி மாட்டினால் பத்து கிலோமீட்டரில் திரும்ப வரும். புதிதாக வைத்ததும் உள்ளே கொஞ்சம் வாசலின் தடவி, வெளியே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டுங்கள்.

நடுப்பகலில், மெதுவாக ஓட்டும்போது நிற்கிறது என்றால் கதை தலைகீழ். பேட்டரி நிரம்பிவிட்டது, போக இடமில்லாமல் பி.எம்.எஸ். சார்ஜை வெட்டுகிறது, அந்த நொடியில் எம்.பி.பி.டி.யின் வோல்டேஜ் எகிறுகிறது, மோட்டார் கன்ட்ரோலர் அதைப் பார்த்துப் பயந்து அணைந்துவிடுகிறது. எம்.பி.பி.டி.யின் உச்ச வோல்டேஜைத் திறந்து பாருங்கள். 13 செல்லுக்கு 54.6-ஐத் தாண்டவே கூடாது. நான் 54-ல் வைத்திருக்கிறேன். 16 செல் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் 58.4 அளவை இதற்கு வைத்துவிடுகிறவர்கள் உண்டு, மிக ஆபத்து. பந்தயக் கணக்குப்படி பார்த்தாலும் 11 மணிக்குப் பேட்டரி நிரம்பியிருப்பது நஷ்டம். அதற்குப் பிறகு வருகிற நல்ல வெயில் முழுவதும் வீண். காலையிலேயே மோட்டாரைக் கொஞ்சம் தாராளமாகச் செலவழித்து, உச்சி வெயிலுக்கு இடம் விட்டு வையுங்கள்.

பேட்டரிப் பெட்டிக்குள் கடல்நீர் போயிருந்தால் ஒன்றும் சோதிக்க வேண்டாம். சார்ஜ் ஏற்றாதீர்கள், வீட்டுக்குள் வைக்காதீர்கள். காய்ந்த பிறகும், சில நாள் கழித்தும்கூட அது தீப்பிடிக்கலாம்.

மோட்டார் உறுமுகிறது, உதறுகிறது, நகரவில்லை

பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கனமாக, முட்டி முட்டிச் சுற்றுகிறதா? மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த ஒயர்களையும் பிரித்து, ஒன்றோடொன்று தொடாமல் வைத்து மறுபடி சுற்றுங்கள். இப்போது லேசாகிவிட்டால் கன்ட்ரோலர் போய்விட்டது. அப்போதும் கனம் என்றால் மோட்டார் பக்கமே ஷார்ட். முதலிலிருந்தே லேசாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் உதறுகிறது என்றால் தடித்த ஒயரில் ஒன்று விட்டிருக்கும், இல்லையென்றால் மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் மெல்லிய ஹால் சென்சார் ஒயர். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட் சுற்றி வரவேண்டும். மற்ற மூன்று ஒயர்களும் சக்கரத்தை மெல்லச் சுற்றும்போது ஏறி இறங்க வேண்டும். எது அசையாமல் நிற்கிறதோ அது.

பெரும்பாலும் அறுவது அச்சின் வாயருகே. நட்டு தளர்ந்து அச்சு ஒருமுறை சுழன்றால் போதும், ஒயர் முறுக்கிக் கொள்ளும். அச்சு சுழலாமல் பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்ம் இல்லாமல் மோட்டார் சக்கரம் ஓட்டாதீர்கள். ஒயர் அச்சுக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு தொங்கல் விட்டுக் கட்டினால் தண்ணீர் அதில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

பாம்பன் பாலத்தில் வண்டி பக்கவாட்டில் நகர்கிறது

இதில் பழுது ஒன்றும் இல்லை, காற்று. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எடுத்தால், ராமேஸ்வரம் நோக்கிப் போகிறவருக்கு அது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். கூரைப் பேனல் பாய்மரம் ஆகிவிடும். சாய்த்து வைத்த பேனலை மட்டமாக்கிவிட்டுத்தான் பாலம் ஏற வேண்டும். பேனலைத் தாங்கும் கால்களையும் நட்டுகளையும் தொட்டு அசைத்துப் பாருங்கள், நாடா போட்டு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். பேருந்து கடக்கும்போது ஒரு நொடி காற்று நின்று, அடுத்த நொடி முழு வேகத்தில் வந்து அறையும். அதுதான் ஆளைத் தள்ளும். வேகத்தைக் குறைத்துவிட்டு அந்த அறையை எதிர்பார்த்திருங்கள். இரண்டு சக்கரச் சாய்வு சைக்கிள் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் வேண்டாம். மண்டபத்தில் ஒரு மீனவப் பெரியவர் என் கூரையைப் பார்த்துவிட்டு, “தம்பி, கச்சான் எடுக்குது. செத்த இருந்து, காத்து தணிஞ்சதும் போங்க” என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துதான் போனேன்.

செயின் கரகரக்கிறது, அடிக்கடி விழுகிறது

சாய்வு சைக்கிளுக்கு மூன்று சாதாரணச் செயினின் நீளம். அத்தனையும் தரைக்குப் பக்கத்தில். மீன் லாரியிலிருந்து வழிகிற ஐஸ் தண்ணீர் ரோட்டில் கோடாக ஓடும். அதன்மேல் ஓட்டினால் உப்புத் தண்ணீர் செயின் முழுக்கத் தெறிக்கும். எண்ணெய் கொழகொழவென்று இருந்தால் மணலும் சேர்ந்து அரைக்கும் மாவாகிவிடும். துடைத்து, துளித்துளியாக விட்டு, மறுபடி துடையுங்கள். ஒலி நாற்காலிக்கு அடியிலிருந்து வந்தால், செயினைத் திருப்பிவிடும் இட்லர் சக்கரத்தின் பேரிங். செயின் நுழைந்து போகும் குழாய்க்குள்ளிருந்து வந்தால் குழாயின் வாய் தேய்ந்து கூராகியிருக்கும், பிளேடால் செதுக்கி விரித்துவிடுங்கள். தேய்மானம் பார்க்க ஓர் அடி ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து 24 கண்ணி தள்ளியிருக்கும் பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டினால் மாற்றுங்கள்.

முன் டயர் இரண்டே நாளில் மழுங்குகிறது, கால் வலித்தும் வேகம் வரவில்லை

முன் சக்கரங்கள் நேராக இல்லை. ஆள் உட்கார்ந்திருக்கும்போதே, அச்சு உயரத்தில், இரண்டு ரிம்முக்கும் இடையே முன்னாலும் பின்னாலும் அளந்து பாருங்கள். முன்னால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் திருத்துங்கள். குழியில் பலமாக இறங்கிய ஒவ்வொரு முறையும் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பஞ்சர், மறுபடி அதே இடத்தில் பஞ்சர்

சீமைக் கருவேல முள். டியூபை ஒட்டிவிட்டு டயரைக் கையால் தடவினால் விரலில் ஏறுமே தவிர முள் நுனி தெரியாது. கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்ளே ஒரு சுற்று இழுங்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே இருக்கிறது. மூன்று சக்கர வண்டியில் முன் சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே பிடித்திருப்பதால், சக்கரத்தைக் கழற்றாமலே டயரை வெளிப்பக்கம் இறக்கி டியூபை மாற்றலாம். பின் சக்கரம் மோட்டாரோடு இருப்பதால் அது பெரிய வேலை. கையில் இருப்பதிலேயே தடித்த டயரை அதற்குப் போடுங்கள், உள்ளே ஒரு பட்டையும் வையுங்கள்.

பாதம் மரத்துப் போகிறது, முழங்கால் வலிக்கிறது

மோட்டார் உதவி இருக்கிறதே என்று இதை அலட்சியம் செய்து நடுவழியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெடல் இடுப்பு உயரத்தில் இருப்பதால் பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போவதும் வரும். ஷூ நாடாவைத் தளர்த்துங்கள், பாதத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பெடலைக் குதிகால் பக்கமாக வாங்கி மிதியுங்கள். முழங்காலுக்கு முன்னால் வலித்தால் பெடல் தண்டு மிகக் கிட்டத்தில் இருக்கிறது, நீட்டுங்கள். பின்னால் வலித்தால் மிக எட்டத்தில், குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். சரியான இடம் கிடைத்ததும் தண்டின் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். குழியில் இறங்கித் தண்டு நழுவினாலும் முறுக்கினாலும் அந்தக் கோட்டைப் பார்த்தே பழைய இடத்துக்குக் கொண்டு வந்துவிடலாம்.